கை அசையாமல் எண்ணுவது

மார்ச் 3, செவ்வாய்

திரவ நைட்ரஜன் வண்டி ஒன்பது மணிக்கு வரவேண்டும். பதினொன்றே முக்காலுக்கு வந்தது. ஓட்டுநர் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டே, "இதை வச்சு என்னம்மா பண்றீங்க?" என்றார். "ஹைட்ரஜனைக் குளிர வைக்கிறோம்." "குளிர வச்சு?" நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அவர் நின்றிருந்தாலும் நான் சொல்லியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

இங்கேயாவது சொல்லிக்கொள்கிறேன். நன்றாகக் குளிர வைத்தால் ஹைட்ரஜன் மூலக்கூறின் இரண்டு அணுக்கருக்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை பார்த்து அடங்கி உட்காரும். அதற்குப் பெயர் பாராஹைட்ரஜன். அந்த ஒழுங்கை எங்கள் மருந்து மூலக்கூறுக்கு மாற்றிக் கொடுப்பது இரிடியம் வினையூக்கி. கல்யாணத் தரகர் மாதிரி: இரண்டு பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கும், பேச்சு முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த ஜோடியைப் பார்க்கப் போய்விடும். ஒழுங்கை வாங்கிக்கொண்ட மூலக்கூறு பெரிய காந்தத்துக்குள் போனால் வழக்கத்தைவிடப் பத்தாயிரம் மடங்கு உரக்கப் பேசும்.

கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தை நீட்டுவதுதான் என் ஆராய்ச்சி.

இன்று ஐம்பத்து மூன்று விநாடி. போன வாரமும் ஐம்பத்து மூன்று. போன மாதமும் ஐம்பத்து மூன்று. அதற்குள் சமிக்ஞை மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடுகிறது. எரிச்சலாக வருகிறது.

மார்ச் 5, வியாழன்

அப்பா தொலைபேசியில். அவர் மருத்துவமனையில் நோயாளிகளைப் படுக்கை வண்டியில் வைத்து ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறவர். இருபத்திரண்டு வருடமாக. அதனால் என் வேலை தனக்குப் பாதி தெரியும் என்று நினைக்கிறார்.

"ஸ்கேன் மிஷினுக்கு உடம்புக்குள்ள இருக்கிற அணுக்கள் முணுமுணுக்கிறதுதான்பா கேட்கும். நாங்க சிலதை மட்டும் கத்த வைக்கிறோம்."

"கத்தட்டுமே."

"ஒரு நிமிஷத்துல தொண்டை கட்டிடுது."

"ஒரு நிமிஷமா? எங்க லிஃப்ட் கதவு மூடறதுக்கே அவ்வளவு ஆகும்."

பின்னாலிருந்து அம்மாவின் குரல்: "ஜூன்ல என்ன ஆகும்னு கேளுங்க. அத்தையோட பள்ளிக்கூடத்துல ஒரு இடம் இருக்காம்." ஜூன் ஐந்தாம் தேதி மூன்று பேர் உட்கார்ந்து, நான் இங்கே தொடரலாமா, மூட்டையைக் கட்டலாமா என்று முடிவு செய்வார்கள். அம்மா அந்தத் தேதியை என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறாள்.

மார்ச் 9, திங்கள்

குழுக் கூட்டம். கரைசலில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்தான் காலத்தைக் குறைக்கிறது, மூன்று முறைக்குப் பதில் ஐந்து முறை உறையவைத்துக் காற்றை உறிஞ்ச வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன். தேநீர் வந்தது. கூட்டம் முடிந்தது.

யாரிடமும் கேட்காமல் ஐந்து முறை செய்யத் தொடங்கிவிட்டேன். கேட்பதைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை செய்வது எனக்குச் சுலபம். இது எந்த வகைக் கோளாறு?

மார்ச் 11, புதன்

அவசரம் அண்ணாவுக்குக் கால் சுளுக்கு. எந்த வேலையையும் "அவசரம்" என்று சொல்லியே கொடுப்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஆய்வகத்தை நடத்தும் சாருக்கு அடுத்தபடி இங்கே மூத்தவர். இதுவரை நான் கரைசல் தயாரிப்பேன், அவர் காந்த அறையில் பரிசோதனை செய்வார். இரண்டு வாரத்துக்கு அதையும் நானே செய்யவேண்டுமாம்.

மார்ச் 12, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

காந்த அறைக்குள் போக, அதைக் கவனித்துக்கொள்ளும் காந்தக்காவின் நீலத் தட்டைத் தாண்டவேண்டும். அந்த அறை அவருடைய ராஜ்யம். கைக்கடிகாரம், சாவி, தொலைபேசி, கொண்டை ஊசி எல்லாம் தட்டில் போடவேண்டும். "அடையாள அட்டையும்தான். கிளிப்பு இரும்பு. என் காந்தம் உன் கழுத்தைப் பிடிச்சு இழுத்தா நான் பொறுப்பில்ல." போட்டேன்.

மூலையில் காப்பு உருளை. வெளிக் காந்தப்புலம் எதுவும் உள்ளே நுழையாது. கரைசல் குழாயை நீளமான பிளாஸ்டிக் கம்பியின் நுனியில் செருகி உருளைக்குள் இறக்கவேண்டும். பாராஹைட்ரஜனை அழுத்தத்தோடு முப்பது விநாடி குமிழிவிட்டு, நிறுத்தி, வால்வை மூடவேண்டும். பிறகு காத்திருப்பு: பதினைந்து விநாடி, முப்பது, அறுபது, நூற்றிருபது. காத்திருந்துவிட்டுக் குழாயோடு ஏழு அடி எடுத்துவைத்துப் பெரிய காந்தத்துக்குள் போட்டால், அக்கா கணினியில் அளப்பார். சமிக்ஞை எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.

அவசரம் அண்ணா காத்திருக்கும்போது சிலை மாதிரி நின்று, கூரை அதிர எண்ணுவார். எனக்கு அந்த அறையில் வாய்விட்டு எண்ண வரவில்லை. கடிகாரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அதனால் கையிலேயே எண்ணினேன். கணினி குறித்த நேரத்துக்கும் என் எண்ணிக்கைக்கும் ஒரு விநாடிகூட வித்தியாசமில்லை.

அறுபது விநாடியில் சமிக்ஞை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. நூற்றிருபதிலும் நிமிர்ந்து நின்றது. இருநூற்று நாற்பது வரை போனேன்.

நான்கு நிமிடம். நான்கு நிமிடம்!

மூன்று முறை செய்தேன். மூன்று முறையும்.

ஐந்து தடவை உறையவைத்தது வீண் போகவில்லை.

மார்ச் 13, வெள்ளி

சார் நேரில் வந்து பார்த்தார். நான்காவது முறையும் நான்கு நிமிடம். வரைபடத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "கைராசிக்காரிம்மா நீ" என்றார். ஜூலை மாநாட்டுக்கு உடனே ஆய்வுச் சுருக்கம் அனுப்பச் சொன்னார். முதல் பெயர் என்னுடையது. "ஜூன் கமிட்டியைப் பத்தி இனிமே கவலைப்படாதே."

காந்தக்கா என் சாவியைத் தட்டிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார். இதுவரை யாருக்கும் எடுத்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 15, ஞாயிறு

அப்பாவிடம் சொன்னேன். முணுமுணுவென்று ஏதோ கணக்குப் போட்டார். பிறகு, "நாலு நிமிஷம்னா... ஊசி போட்டு, லிஃப்ட் ஏறி, ஸ்கேன் அறைக்குள்ள கொண்டுபோய்ப் படுக்க வச்சுடலாமே! நடுவுல ரெண்டு பேர்கிட்ட வழி விடச் சொல்லிச் சண்டையும் போடலாம்."

அம்மா பள்ளிக்கூடப் பேச்சை எடுக்கவில்லை.

மார்ச் 18, புதன்

அப்பா தன் தளத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாராம். செவிலியர்கள், லிஃப்ட் இயக்குபவர், துணி துவைக்கும் இடத்துக்காரர்கள். "நாலு நிமிஷப் பொண்ணோட அப்பா" என்று கூப்பிடுகிறார்களாம். அப்பா, போதும்.

மார்ச் 24, செவ்வாய்

அவசரம் அண்ணா கால் சரியாகித் திரும்பிவிட்டார். நேராகக் காந்த அறைக்குப் போய் நான் தயாரித்த அதே கரைசலை அளந்தார். ஐம்பத்தாறு விநாடி.

மறுபடி செய்தார். ஐம்பத்தைந்து.

"உன் கையில என்ன, மாயமா மந்திரமா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். காது சிவந்திருந்தது. நான் செய்தேன் – நான்கு நிமிடம். சார் வந்து பார்த்துவிட்டு, "நீ ஓடற ஓட்டத்துல வால்வு லூஸ் ஆகியிருக்கும். அவளையே பண்ணச் சொல்லு" என்று போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அது உண்மை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை நான் மட்டும்தான் செய்ய முடிந்தது.

மார்ச் 26, வியாழன்

அதே கரைசல். அதே குழாய். அதே வால்வு. ஒரே நாள். பிறகு எப்படி?

வால்வை நான் பார்த்தேன். லூஸ் ஆகவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

வெளியூரிலிருந்து ஓர் ஆய்வகம் எழுதியிருக்கிறது. இணையத்தில் வந்த மாநாட்டுச் சுருக்கத்தைப் பார்த்து நாங்கள் சொன்னபடியே செய்தார்களாம். ஐம்பது விநாடிக்கு மேல் நகரவில்லையாம். மிகவும் மரியாதையான கடிதம். மரியாதை அதிகமானால் சந்தேகம் அதிகம் என்று அர்த்தம்.

சார்: "அவங்களுக்குக் கைப்பக்குவம் போதாது. செய்முறையை விவரமா எழுதி அனுப்பு."

பதினோரு பக்கம் எழுதினேன். உறையவைப்பதற்கு மட்டும் மூன்று பக்கம். காத்திருப்பதற்கு ஒரு வரி: "குறிப்பிட்ட விநாடிகள் காப்பு உருளைக்குள் வைத்திருக்கவும்."

ஏப்ரல் 8, புதன்

காலையிலிருந்து எதுவும் சரியில்லை. நைட்ரஜன் வண்டி வரவில்லை. அச்சுப்பொறியில் காகிதம் சிக்கியது. மூன்று மணிக்குத்தான் காந்த அறைக்குள் போக முடிந்தது. இருநூற்று நாற்பது விநாடிக் காத்திருப்பில் இருந்தபோது காந்தக்கா இருக்கையைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பாப்பா, உள்ள என்ன குழந்தையா தூங்குது? அந்த ஆட்டு ஆட்டுறே?"

குனிந்து பார்த்தேன். கம்பி என் கையில் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு விநாடிக்கு ஒரு குலுக்கு. நூற்றெழுபது, நூற்றெழுபத்தொன்று. நான் அப்படித்தான் எண்ணுகிறேன். கையிலேயே.

"எண்ணுறேன் அக்கா."

"வாயில எண்ணினா முத்தா உதிர்ந்துடும்?"

நானும் சிரித்தேன். படியிறங்கும்போது பாதியில் நின்று, கையை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

கையை உருளையின் விளிம்போடு அழுத்திவைத்தேன். அசைக்கவில்லை. மனதுக்குள் எண்ணினேன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

ஐம்பத்தாறு விநாடி.

மறுபடி. ஐம்பத்தாறு.

அடுத்ததாக, குமிழி விட்டு முடித்ததும் குழாயின் மேல்பகுதியில் மிச்சமிருந்த பாராஹைட்ரஜனை வெளியேற்றிவிட்டு நைட்ரஜன் வாயுவை நிரப்பினேன். இந்தத் தடவை என் வழக்கப்படி குலுக்கிக் குலுக்கி எண்ணினேன். ஐம்பத்தைந்து.

போதும். தெரிந்துவிட்டது.

கரைசலுக்கு மேலே அழுத்தத்தில் பாராஹைட்ரஜன் நிற்கிறது. நான் ஒவ்வொரு விநாடியும் குலுக்கக் குலுக்க அது கரைசலுக்குள் இறங்குகிறது. தரகர் அங்கேயே இருக்கிறார். ஓய்வில்லாமல் புதிது புதிதாக ஒழுங்கை மாற்றிக் கொடுக்கிறார். பழைய சமிக்ஞை ஐம்பது சொச்சம் விநாடியில் செத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நான் பக்கத்திலிருந்து நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு, தொட்டித் தண்ணீர் எத்தனை நாள் வரும் என்று அளந்தவள் நான்.

நான்கு நிமிடம் ஆயுள் இல்லை. மேலே மிச்சமிருந்த வாயு தீர்வதற்கு ஆன நேரம்.

ஐந்து தடவை உறையவைத்ததற்கு மொத்தப் பலன்: மூன்று விநாடி.

ஏப்ரல் 10, வெள்ளி

வாய்விட்டு எண்ண வெட்கப்பட்டதால் வந்த கண்டுபிடிப்பு. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஏப்ரல் 13, திங்கள்

சார் அறை வாசல் வரை மூன்று முறை போனேன். முதல் தடவை அவர் தொலைபேசியில் இருந்தார். இரண்டாம் தடவை வேறொருவர் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் தடவை அவர் தனியாக, சும்மாதான் இருந்தார். என்னைப் பார்த்து, "வா வா, கைராசி" என்றார். கையெழுத்து வாங்க வந்தேன் என்று சொல்லிவிட்டேன். கையில் காகிதமே இல்லை. "எதுல?" என்று கேட்டார். "நாளைக்குக் கொண்டு வரேன் சார்" என்று ஓடிவந்துவிட்டேன்.

என்ன ஜென்மம் நான்? எத்தனை வருஷம் படிச்சு என்ன, ஒரு வாக்கியம் வாயில வர மாட்டேங்குது. "சார், தப்பாயிடுச்சு." ரெண்டே வார்த்தை. அதைச் சொன்னா ஜூன்ல என்ன ஆகும்? அப்பா அந்தத் தளத்துல எப்படி நடப்பாரு? சொல்லலைன்னா – சொல்லலைன்னா அந்த வெளியூர்க்காரங்க இன்னும் எத்தனை மாசம் எங்களை நம்பிட்டு உக்காந்திருப்பாங்க?

ஏப்ரல் 15, புதன்

அவசரம் அண்ணாவிடம் சொன்னேன். சொல்வதாக இருக்கவில்லை. தனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று மறுபடி கரைசலோடு உள்ளே போனார். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "அண்ணா, நீங்க பண்றதுதான் சரி" என்று வந்துவிட்டது.

முழுவதும் கேட்டார். முதலில் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஒரு மாசமா என் கையை நானே திட்டிட்டிருந்தேன்!" சிரிப்பு நின்றதும் கதவைச் சாத்தினார்.

"இப்ப சொல்லாதே. கமிட்டி முடியட்டும். அப்புறம் மெதுவா, மறுபரிசீலனை, அது இதுன்னு ஏதாவது எழுதிக்கலாம். என்ன அவசரம்?"

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை இப்படி வந்து இன்றுதான் கேட்டேன்.

"அண்ணா, ஜூன் வரைக்கும் நான் கம்பியை ஆட்டிக்கிட்டே இருக்கணுமா?"

சாத்திய கதவைத் திறந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. என் நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஏப்ரல் 17, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

வாயால் சொல்ல வராது என்று தெரிந்ததால், "சார், ஒரு தடவை கீழ வர முடியுமா" என்று மட்டும் கேட்டேன். கம்பியை அவர் கையில் கொடுத்தேன். "அசையாம அறுபது எண்ணுங்க சார்." எண்ணினார். காந்தக்கா அளந்தார். சமிக்ஞை பாதிக்கும் கீழே. "இப்ப ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குலுக்கு குலுக்குங்க." குலுக்கினார். சமிக்ஞை நிமிர்ந்து நின்றது. "இப்ப மேல இருக்கிற வாயுவை மாத்திடறேன். அதே மாதிரி குலுக்குங்க." மறுபடி விழுந்தது.

சார் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தார். வினையூக்கி, அழுத்தம், குலுக்கல் எல்லாம் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"எட்டு நாளா சார்."

"எட்டு நாள்! கையெழுத்து வேணும்னு வந்தியே, அன்னிக்கு—"

"ஆமா சார்."

"வெளியூர்க்காரன் எழுதினப்பவே நான் கேட்டிருக்கணும். கைப்பக்குவம் போதாதுன்னேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "இருந்தாலும், சமிக்ஞை நாலு நிமிஷம் நிக்குதுங்கறது உண்மைதானே? அதையே வேற மாதிரி..."

அந்த நிமிடம் எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். தலையாட்ட எனக்கு நன்றாகவே வரும்.

"உடம்புக்குள்ள போனப்புறம் வாயுவும் இருக்காது, வினையூக்கியும் இருக்காது சார். அது ஆயுள் இல்ல."

சார் எழுந்தார். "மாநாட்டுக்காரங்களுக்கு நீயே எழுது. அந்த ஆய்வகத்துக்கும் நீயே எழுது. கமிட்டி முன்னாடியும் நீயே சொல்லணும். நான் நடுவுல வாயைத் திறக்க மாட்டேன்."

தண்டனையா, மரியாதையா? இதை எழுதும் வரை தெரியவில்லை. காந்தக்கா மட்டும், "நான் சும்மா கேலிக்குத்தாம்மா கேட்டேன்" என்று இரண்டு தடவை சொன்னார்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அப்பாவிடம் சொல்வதற்கு முன் அறையை இரண்டு முறை பெருக்கினேன்.

பொறுமையாகக் கேட்டார். குலுக்கின கதை வந்ததும், "அதாவது, நீ குலுக்கிட்டே இருந்ததால அது கத்திட்டே இருந்தது."

"ஆமாப்பா."

"ஊசி போட்டப்புறம் நோயாளியைக் குலுக்க முடியாது."

"முடியாதுப்பா."

"எங்க வண்டியோட முன்சக்கரம் ஒண்ணு குலுக்கும். அது போதுமா?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். தளத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாரே. "சொன்ன வாய்தானே, மாத்திச் சொல்லிக்கும். ஐம்பது விநாடிப் பொண்ணோட அப்பான்னு கூப்பிடட்டும். பேர் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்."

அம்மா தொலைபேசியை வாங்கி, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். பள்ளிக்கூடத்து இடம் இன்னும் இருக்கிறதா என்று நான்தான் கேட்டேன். "இருக்கும், இருக்கும்" என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 22, புதன்

இரண்டு கடிதங்களையும் அனுப்பிவிட்டேன். "குழாயை அசைத்தது நான்" என்று எழுதுவதற்குள் பதினாறு முறை அழித்தேன்.

மே 6, புதன்

ஜூன் ஐந்துக்கு இன்னும் முப்பது நாள். உண்மையாகவே காலத்தை நீட்ட வேண்டும்.

யோசிக்க யோசிக்க, என் தப்பே ஒரு வழி காட்டுகிறது. நான் அசைத்தபோது வேலை செய்தது தரகர். அசைக்காதபோதும் அவர் சும்மா இருப்பதில்லை. மூலக்கூறைப் பிடித்து இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து, வாங்கிய ஒழுங்கையும் கலைத்துவிடுகிறார். காரியம் முடிந்ததும் தரகரை வீட்டைவிட்டு வெளியே அனுப்பினால்? வினையூக்கியைப் பற்றிக்கொள்ளும் தூள் ஒன்று இருக்கிறது. குமிழி நின்ற உடனே கரைசலை அதன் வழியாகத் தள்ளி, காப்பு உருளையிலிருந்து எடுத்து, ஒரு சின்னச் செப்புக் கம்பிச் சுருளின் காந்தப்புலத்தில் காத்திருக்க வைக்கலாம்.

அவசரம் அண்ணா சுருள் சுற்றித் தருவதாகச் சொன்னார். "நாளைக்கே. அவசரம்தானே?"

மே 14, வியாழன்

தூள் அடைத்துக்கொண்டது. குழாய் வெடிக்காதது யார் செய்த புண்ணியமோ. மேலங்கி முழுக்க மஞ்சள்.

மே 15, வெள்ளி

மறுபடி அடைத்தது.

மே 18, திங்கள்

அடைக்கவில்லை. சமிக்ஞையும் இல்லை. தூள் தரகரோடு சேர்த்து மூலக்கூறையும் பிடித்து வைத்துக்கொண்டது. நான் அழைத்தது காவலாளியை, வந்தது கொள்ளைக்காரன்.

மே 22, வெள்ளி

தூளைக் கொஞ்சமாக, பெரிய துகளாக மாற்றினேன். எழுபத்தொரு விநாடி. கை அசையவில்லை. மேலே பாராஹைட்ரஜன் இல்லை. இரண்டையும் நானே சரிபார்த்தேன். பிறகு காந்தக்காவைச் சரிபார்க்கச் சொன்னேன்.

வாய்விட்டு எண்ணினேன். முதல் இருபது வரை எனக்கே கேட்கவில்லை. காந்தக்கா காதில் கையை வைத்துக்கொண்டு, "என்ன, சொல்றது விழலையே?" என்று சீண்டினார். முப்பதிலிருந்து கொஞ்சம் பரவாயில்லை.

மே 29, வெள்ளி

எண்பத்தெட்டு.

ஜூன் 3, புதன்

நூற்றாறு. அவசரம் அண்ணா செய்தார்: நூற்று மூன்று. சார் செய்தார்: நூற்றைந்து. யார் கைக்கும் ராசி தேவைப்படவில்லை.

ஜூன் 5, வெள்ளி

மூன்று பேர். நீள மேசை. மின்விசிறி வேகமாகச் சுழன்றதால் என் காகிதங்கள் பறந்துகொண்டே இருந்தன.

நடுவில் இருந்தவர் மாநாட்டுச் சுருக்கத்தை எடுத்து வைத்திருந்தார். "இங்க நாலு நிமிஷம்னு போட்டிருக்கு. இன்னிக்கு ஒண்ணே முக்கால் நிமிஷம்னு சொல்றீங்க. போன வருஷத்தோட பார்த்தா முன்னேற்றமா, மார்ச்சோட பார்த்தா பின்னேற்றமா?"

சார் ஜன்னலைப் பார்த்தார். வாயைத் திறக்கமாட்டேன் என்றால் திறக்கமாட்டார்.

எழுந்து நின்று சொன்னேன். எனக்குச் சத்தமாக எண்ண வெட்கம், அதனால் கையால் எண்ணினேன், அதனால் குலுங்கியது, அதனால் நான்கு நிமிடம். ஒரே மூச்சில். யாரும் சிரிக்கவில்லை. இடதுபக்கத்திலிருந்த அம்மையார் பேனாவை மூடிவைத்துவிட்டு, "இப்ப எப்படி எண்ணுறீங்க?" என்று கேட்டார்.

"சத்தமா, மேடம்."

"சரி. அந்தத் தூளைப் பத்திச் சொல்லுங்க" என்றார்.

நாற்பது நிமிடம் தூளைப் பற்றிப் பேசியிருக்கிறேன். நானா?

முடிவு பத்து நாளில் வருமாம். பத்து நாள்! ஒரு காகிதத்தில் மூன்று கையெழுத்துப் போட இவர்களுக்குப் பத்து நாள் வேண்டும்.

ஜூன் 12, வெள்ளி

காகிதம் வரவில்லை. நைட்ரஜன் வண்டியும் வரவில்லை.

ஜூன் 18, வியாழன்

காந்த அறை வாசலில் தட்டை நீட்டிய காந்தக்கா, என் அடையாள அட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "புது அட்டையா? இன்னும் மூணு வருஷம் போட்டிருக்கான். இந்தப் போட்டோவோட மூணு வருஷமா உன்னைப் பார்க்கணும்?" தட்டில் போட்டார்.

வெளியூர் ஆய்வகத்திலிருந்து கடிதம். நான் அனுப்பிய புதிய செய்முறைப்படி நூற்று நான்கு வந்ததாம். கடைசி வரி: "நீங்கள் எழுதியபடியே எங்கள் மாணவர் சத்தமாக எண்ணினார்; பக்கத்து அறைக்காரர்கள் புகார் செய்தார்கள்." இந்தத் தடவை அவ்வளவு மரியாதை இல்லை. நல்ல அறிகுறி.

மாலையில் அப்பாவின் அழைப்பு. கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மதிய இடைவேளையில் காலி வண்டியைத் தள்ளிப் பார்த்தாராம். ஊசி போடும் அறை வாசலிலிருந்து ஸ்கேன் அறைப் படுக்கை வரை, லிஃப்ட் உட்பட, தொண்ணூற்றைந்து விநாடி. லிஃப்ட் இயக்குபவர்தான் எண்ணினாராம்.

"நூத்து நாலுன்னியே. ஒன்பது விநாடி கையில இருக்கு."

"அப்பா, நூத்து நாலுல பாதிக்கு மேல தேய்ஞ்சிருக்கும். சத்தம் மூணுல ஒரு பங்குதான் மிச்சம்."

"மூணுல ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்ன. ரெண்டாவது மாடியில மட்டும் எவனும் பட்டனை அமுக்காம இருக்கணும். அதுக்கு ஏதாவது தூள் இருக்கா?"